எலிக்கு எலி இதயம்: நிராகரிப்பைத் தடுக்கும் ஆய்வுக்கு ஒரு செய்முறை

வேறொரு எலியிலிருந்து எடுத்து, பெறும் எலியின் வயிற்றில் வைத்த இரண்டாவது இதயம் ஏழாம் நாள் நின்றுபோனால், பலரும் உடனே மருந்தின் டோஸை ஏற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. நின்றதற்குக் காரணம் நிராகரிப்பா (பெறும் உடலின் நோய் எதிர்ப்பு அந்நிய இதயத்தைத் தாக்குவது), தையலா, மருந்து ரத்தத்தில் போதிய அளவு சேராததா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆய்வு எந்த மருந்துக்கும் சாட்சி சொல்லாது. இங்கே உள்ள செய்முறை அந்தப் பிரிப்பை மையமாக வைத்தது. சென்னையில் கால்நடை மருத்துவம், மருந்தியல், இதய அறுவை ஆகிய துறைகளில் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் முதுகலை, பிஎச்.டி. மாணவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் அனுமதி. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியக் குழுவில் (சிசிஎஸ்இஏ) உங்கள் விலங்குக் கூடம் பதிவாகியிருக்க வேண்டும். எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர், கினிப் பன்றி ஆகியவற்றுக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவே அனுமதி தரலாம். பன்றி, நாய், குரங்கு என்றால் கோப்பு டெல்லிக்குப் போகும். விண்ணப்பத்தில் "உடல் எடையில் 20 சதவீதம் குறைந்தால் விலங்கு ஆய்விலிருந்து விலக்கப்பட்டு வலியின்றி முடிக்கப்படும்" என்பது போன்ற முடிவு விதியை எண்ணுடன் எழுதுங்கள். நோய் எதிர்ப்பை அடக்கும் ஆய்வில் அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

ஜோடியைத் தேர்ந்தெடுத்தல்

சென்னையில் எளிதாகக் கிடைப்பவை விஸ்டார், ஸ்ப்ராக் டாலி எலி வகைகள். இரண்டும் கலப்பு இனப்பெருக்கக் கூட்டங்கள். ஒரே கூண்டில் பிறந்த இரண்டு விஸ்டார் எலிகளுக்கு இடையேகூட திசுப் பொருத்தம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு இதயம் 6 நாளில் நிற்கும், இன்னொன்று 20 நாள் ஓடும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மருந்தின் பலன் காணாமல் போகும். அறுவையில் கை பழக விஸ்டார் போதும். தரவு எடுக்க உள்ளினப்பெருக்க வகைகளே (உறவுக்குள்ளேயே தலைமுறைகளாக இணைத்து, மரபணு ஒன்றாகிவிட்டவை) வேண்டும்.

முழுப் பொருத்தமின்மைக்கு பிரவுன் நார்வே அல்லது டிஏ எலியிலிருந்து லூயிஸ் எலிக்கு மாற்றுங்கள். மருந்தில்லாவிட்டால் ஏறக்குறைய 6 முதல் 8 நாளில் துடிப்பு நிற்கும். மெதுவான, நாள்பட்ட நிராகரிப்பைப் பார்க்க லூயிஸ், ஃபிஷர் 344 ஜோடி ஏற்றது. திசுப் பொருத்த வேறுபாடு சிறியது என்பதால் இதயம் வாரக்கணக்கில் ஓடும், கரோனரி நாளங்களின் உட்சுவர் மட்டும் தடித்துக்கொண்டே வரும். சுண்டெலியில் வழக்கமான ஜோடி பால்ப்-சியிலிருந்து பிளாக் 6. அங்கும் சுமார் 7, 8 நாள்தான்.

மூன்று குழுக்களைத் தவிர்க்கவே முடியாது: லூயிஸிலிருந்து லூயிஸுக்கு, மருந்தில்லாமல்; பொருந்தாத ஜோடி, மருந்தைக் கரைக்கும் திரவம் மட்டும்; பொருந்தாத ஜோடி, மருந்துடன். இவற்றில் முதல் குழுவைத்தான் "வீண் எலி" என்று சொல்லி வெட்டிவிடுகிறார்கள். ஒரே வகைக்குள் மாற்றிய இதயம் 100 நாள் தாண்டி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கோளாறு உங்கள் தையலில், அல்லது வாங்கிய எலி உண்மையில் தூய லூயிஸ் இல்லை. இரண்டாவது சந்தேகத்தைத் தீர்க்க, அதே கூட்டத்து எலிகளுக்குள் ஒரு சிறு தோல் ஒட்டு போட்டுப் பாருங்கள். அது உதிர்ந்தால் அந்தக் கூட்டம் வேண்டாம்.

கொடுப்பதும் பெறுவதும் ஒரே பாலாக இருக்கட்டும். ஆண் திசுவில் மட்டும் இருக்கும் எச்-ஒய் ஆன்டிஜென் (நோய் எதிர்ப்பைத் தூண்டும் பொருள்) சில வகைகளில், குறிப்பாக பிளாக் 6 பெண் சுண்டெலியில், தனியாகவே நிராகரிப்பைத் தூண்டும். குட்டி போட்ட பெண் எலியைப் பெறுநராக எடுக்கவே கூடாது. வந்து இறங்கிய விலங்குகளுக்குக் குறைந்தது ஒரு வாரம் ஓய்வு தேவை, சித்திரை வெயிலில் வண்டியில் வந்தவை என்றால் இன்னும் கூட. வெப்பத்தில் தவித்த எலியின் உடலில் ஏறும் கார்ட்டிகோஸ்டீரான் என்ற அழுத்த ஹார்மோன், நீங்கள் கொடுக்காத நோய் எதிர்ப்பு அடக்கி மருந்து.

அறுவை: நிராகரிப்பு இங்கேயே தொடங்குகிறது

ரத்தமில்லாமல் கிடந்த இதயத் தசை, ரத்தம் திரும்பியதும் ஆபத்துச் சமிக்ஞைகளை வெளியிடும். அவை அந்நியப் பொருளைக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிடிக் செல்களை எழுப்பும், அந்நியத் திசுவைத் தாக்கும் டி செல்கள் அதற்குப் பின்னால் வரும். எனவே ரத்த ஓட்டமில்லா நேரத்தைக் குறைப்பதும் நிராகரிப்பைத் தடுக்கும் வேலைதான். அதைவிட முக்கியம், எல்லா விலங்குக்கும் அந்த நேரம் ஒரே அளவில் இருப்பது. காலையில் 40 நிமிடம், மாலையில் 90 நிமிடம் என்று போனால் குழுக்களை ஒப்பிட முடியாது.

250 முதல் 300 கிராம் எலிக்கான சுருக்கம் இது. ஐசோஃப்ளூரேன் 2 முதல் 2.5 சதவீதத்தில் மயக்கத்தை நிலைநிறுத்துங்கள். கொடையாளிக்கு ஹெப்பாரின் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் சிரை வழியே கொடுத்துச் சில நிமிடம் காத்திருங்கள். 4 டிகிரி கார்டியோப்ளீஜியா கரைசலால் இதயத்தை நிறுத்துங்கள். பெருஞ்சிரைகளையும் நுரையீரல் சிரைகளையும் பட்டு நூலால் கட்டிவிட்டு, மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் மட்டும் நீளமாக விட்டு வெட்டி எடுங்கள். இதயத்தை ஐஸ் கட்டி மேல் நேராக வைக்காதீர்கள், தொட்ட இடம் உறைந்து செத்துவிடும். குளிர்ந்த கரைசல் உள்ள கிண்ணத்தில் இதயம், கிண்ணத்தைச் சுற்றி ஐஸ் என்பதுதான் முறை.

பெறும் எலியில் சிறுநீரகத்துக்குக் கீழே உள்ள வயிற்றுத் தமனியையும் கீழ்ப் பெருஞ்சிரையையும் பிரித்து, பின்னால் போகும் இடுப்புக் கிளைகளைக் கட்டுங்கள். கொடையாளியின் மகாதமனி தமனியின் பக்கவாட்டிலும், நுரையீரல் தமனி சிரையின் பக்கவாட்டிலும் சேரும். எலிக்கு 8-0 அல்லது 9-0 நைலான், சுண்டெலிக்கு 10-0. தையல் நேரத்தை 30 நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் நீண்டால் பின்னங்கால் செயலிழக்கும் எலிகள் கூடும். கீழ் கிளாம்பை முதலில் தளர்த்தி, கசிவைப் பஞ்சால் அழுத்தி நிறுத்திவிட்டு மேல் கிளாம்பை விடுங்கள். 37 டிகிரி சலைனை ஊற்றினால் முதலில் நடுக்கம் வரும், ஒரு நிமிடத்துக்குள் ஒழுங்கான துடிப்பு வரும். இந்த இதயம் எலியின் உயிரைத் தாங்குவதில்லை. மகாதமனி வழியே பின்னோக்கி வரும் ரத்தம் கரோனரிகளில் போய் வலது பக்கமாக வெளியேறுகிறது, அவ்வளவுதான். அதனால் அது நின்றாலும் எலி பிழைத்திருக்கும். கணக்கிட வசதி, ஆனால் தினமும் தொட்டுப் பார்க்காவிட்டால் நின்றது தெரியாமலே போகும்.

கை பழகுவதற்கு உயிருள்ள எலி வேண்டியதில்லை. கறிக்கடையில் கோழிக் காலைத் துண்டு போடாமல் தோலோடு முழுதாகக் கேட்டு வாங்குங்கள். தொடை எலும்பை ஒட்டி ஓடும் தமனி மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைத்துப் பழகச் சரியான அளவு. தைத்ததும் ஒரு முனையில் மெல்லிய கேனுலா போட்டுச் சாயநீரை அழுத்துங்கள், எந்தத் தையலுக்கு இடையில் கசிகிறது என்று உடனே தெரியும். எதிர்ச்சுவரையும் சேர்த்துத் தைத்துவிட்டால் நீர் மறுமுனையில் வராது. புதியவர்கள் எல்லோரும் செய்வது அதைத்தான்.

வலிக்கு பியூப்ரினார்ஃபின் கிலோவுக்கு 0.05 மி.கி., 8 முதல் 12 மணிக்கு ஒருமுறை. இதற்கும் மயக்க மருந்தான கெட்டமைனுக்கும் பதிவேடு கட்டாயம். மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்துகளை, நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரினோடு சேர்க்காதீர்கள். இரண்டும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. வீக்கம் குறைய டெக்ஸாமெதசோன் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதுவே நிராகரிப்பை அடக்கிக் கணக்கைக் கெடுக்கும்.

மருந்து: டோஸை அல்ல, ரத்த அளவை எழுதுங்கள்

சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் இரண்டும் கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுத்து, டி செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூகின்-2 புரதத்தை அவை தயாரிப்பதை நிறுத்துகின்றன. எலியில் சைக்ளோஸ்போரின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 மி.கி. தோலுக்கடியில் கொடுப்பது வழக்கம்.

280 கிராம் எலி, 5 மி.கி. டோஸ் என்றால் தேவை 1.4 மி.கி. 50 மி.கி./மி.லி. ஊசி மருந்தை நார்மல் சலைனில் பத்து மடங்கு நீர்த்தால் 5 மி.கி./மி.லி., ஆக 0.28 மி.லி. அன்றன்று கரையுங்கள், கண்ணாடிக் குப்பியில் கரையுங்கள். அதில் உள்ள கிரெமோஃபோர் எண்ணெய் பிவிசி பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருளை இழுத்துக்கொள்ளும். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே கிரெமோஃபோர் அதே அளவில் போக வேண்டும். வெறும் சலைன் போட்டால் ஒப்பீடு செல்லாது.

வாய்வழி மைக்ரோஎமல்ஷன் கரைசலுக்கு ஒரு சென்னைப் பிரச்சினை உண்டு. அதை ஃபிரிட்ஜில் வைத்தால் எண்ணெய்ப் பகுதி கெட்டியாகி டோஸ் சமமாக வராது. 30 டிகிரிக்கு மேலும் வைக்கக் கூடாது. மே மாதம் சனி ஞாயிறு ஏசி அணைக்கும் ஆய்வக மேசை 35-ஐத் தாண்டும். 24 மணி நேரமும் ஏசி ஓடும் விலங்கு அறைக்குள்ளேயே, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

அடுத்து ரத்த அளவு. டோஸ் ஒன்றாக இருந்தாலும் குடலில் உறிஞ்சுவதும் கல்லீரல் உடைப்பதும் எலிக்கு எலி மாறும். அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுக்கும் ரத்தத்தில் உள்ள குறைந்தபட்ச அளவே நம்பத்தக்கது. மருந்து சிவப்பணுக்களில் தங்குவதால் சீரத்தில் பார்த்தால் பொய் எண் வரும், உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் முழு ரத்தமாக எடுங்கள். நகரத்துப் பரிசோதனைக் கூடங்கள் மனித மாதிரிக்கு 2 மி.லி. கேட்பார்கள். எலியின் மொத்த ரத்தமே கிலோவுக்குச் சுமார் 64 மி.லி. அதாவது 250 கிராம் எலியிடம் 16 மி.லி. ஒரே தடவையில் பத்தில் ஒரு பங்கு, 1.6 மி.லி., எடுத்தால் அடுத்த எடுப்புக்கு இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். ஆகவே 50 முதல் 100 மைக்ரோலிட்டரில் அளக்கும் எல்சி-எம்எஸ் (மூலக்கூறுகளைப் பிரித்து எடையால் அடையாளம் காணும் கருவி) வசதி உள்ள இடத்தைப் பேசி வைத்துக்கொண்டு பிறகு ஆய்வைத் தொடங்குங்கள். முடியாவிட்டால், இதயம் மாற்றாத, அதே மருந்து பெறும் துணைக் குழு ஒன்றை ரத்த அளவுக்காக மட்டும் வையுங்கள். ஆன்டிபாடி முறை கிட்டுகள் உடைந்த மருந்தையும் சேர்த்து எண்ணும். இரண்டு முறைகளின் எண்களை ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

உங்கள் நோக்கம் ஒரு புது மருந்தையோ மூலிகைச் சாற்றையோ சோதிப்பது என்றால், சைக்ளோஸ்போரினை முழு டோஸில் கொடுத்து அதன்மேல் புதியதைச் சேர்ப்பதில் பயனில்லை. சைக்ளோஸ்போரினே இதயத்தைக் காப்பாற்றிவிடும், புதியது செய்தது எதுவும் தெரியாது. 2 மி.கி. போன்ற போதாத டோஸ் ஒன்றை முன்னோட்டத்தில் கண்டுபிடித்து, அதன்மேல் சேருங்கள். இன்னொரு எச்சரிக்கை: சில எலி ஜோடிகளில் பத்து நாள், பதினைந்து நாள் சைக்ளோஸ்போரின் கொடுத்து நிறுத்தினாலே இதயம் காலவரையின்றி ஓடும். எலி அவ்வளவு எளிதில் சகித்துக்கொள்ளும் பிராணி. மனிதரிலும் குரங்கிலும் இது நடப்பதில்லை. அதை உங்கள் மருந்தின் சாதனையாக எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு அடக்கி மருந்தான மைகோஃபெனோலேட் 0.5 சதவீத கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸில் கலக்கி வாய்வழியாகக் கிலோவுக்கு 20 மி.கி. 40-ஐ நெருங்கினால் பேதியும் எடைக் குறைவும் வரும். சிரை வழி வடிவத்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கரைக்க வேண்டும், சலைனில் அல்ல. சிரோலிமஸ் என்ற அடக்கி மருந்து காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். முதல் நாளே தொடங்கினால் வயிற்றுத் தையல் பிரிந்து குடல் வெளியே வரலாம். சுண்டெலியில், டி செல்லைத் தூண்டும் துணைச் சமிக்ஞைகளைத் தடுக்கும் எம்ஆர்1 ஆன்டிபாடி, சிடிஎல்ஏ4-ஐஜி ஜோடி நன்றாக வேலை செய்யும். ஆனால் எம்ஆர்1 சுண்டெலியின் சிடி154 புரதத்துக்கு எதிராக உருவானது, எலிக்குப் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். இந்த வகைத் தடுப்போடு சைக்ளோஸ்போரினைச் சேர்த்தால் நீடித்த சகிப்பு கெட வாய்ப்புண்டு. சகிப்பு உண்டாகவும் டி செல்லுக்குள் ஒரு சமிக்ஞை போயாக வேண்டும், சைக்ளோஸ்போரின் அதையும் அடைத்துவிடுகிறது.

அடக்கப்பட்ட எலிக்குக் குடிநீரே எதிரியாகலாம். சூடோமோனாஸ் பாக்டீரியா பாட்டிலின் குழாய் முனையில் குடியிருக்கும். நீரை ஆட்டோகிளேவ் செய்யுங்கள், அல்லது பி.எச். 2.5 முதல் 3 வரை அமிலமாக்குங்கள். படுக்கையும் தீவனமும் ஆட்டோகிளேவ் ஆனவையாக இருக்கட்டும்.

நின்றது ஏன் என்று கண்டுபிடித்தல்

தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், எந்தக் குழு என்று தெரியாமல், வயிற்றைத் தொட்டு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடட்டும். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட். 0 என்று எழுதிய நாளே வயிற்றைத் திறந்து கண்ணால் உறுதிசெய்யுங்கள். பெருத்த வயிற்றில், ஒட்டிக்கொண்ட கொழுப்புக்கு அடியில் துடிப்பு மறைந்திருக்கலாம்.

முதல் மூன்று நாளில் நின்றால் அது தொழில்நுட்பத் தோல்வி. ரத்தக்கட்டு, முறுக்கு, கசிவு இவற்றில் ஒன்று. இதை நீக்கும் விதியை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைத்து எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி நடத்துங்கள். முடிவைப் பார்த்த பிறகு "இது டெக்னிக்கல்" என்று ஒதுக்குவது தரவைத் திருத்துவதாகும். 5 முதல் 10 நாளில் சுவர் வீங்கி, கறுத்து, கெட்டியானால் டி செல் நிராகரிப்பு என்று எதிர்பார்க்கலாம். ஏற்கெனவே அந்தக் கொடையாளி வகையின் தோலைப் பெற்ற எலியில் இதுவே இன்னும் விரைந்து வரும்.

எடுத்த இதயத்தைக் கீழறைகளின் நடுவில் குறுக்கே வெட்டி ஒரு பாதியை 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போடுங்கள், மறுபாதியை உறையவையுங்கள். உலக இதய மாற்றுச் சங்கத்தின் 2004 திருத்த அளவுகோலில் 0ஆர் முதல் 3ஆர் வரை தரம் பிரிக்கலாம். அது மனித பயாப்சிக்கு உருவானது, எலியில் முழுக் குறுக்குவெட்டு கிடைப்பதால் அதைவிட நன்றாகவே பார்க்க முடியும். உறைந்த பாதியில் சி4டி (ஆன்டிபாடி தாக்கிய இடத்தில் படியும் புரதத் துணுக்கு) சாயம் பாருங்கள். நுண்குழாய்களில் சி4டி படிந்திருந்து டி செல் குறைவாக இருந்தால் ஆன்டிபாடி வேலை செய்கிறது என்று பொருள். அங்கே சைக்ளோஸ்போரினைக் கூட்டுவதால் பெரிய பயன் இல்லை. ரத்தத்தில் உறுதிசெய்ய, பெறுநரின் சீரத்தைக் கொடையாளி வகையின் மண்ணீரல் செல்களோடு ஊறவைத்து, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஓட்டுங்கள். சிடி3 உள்ள செல்களை, அதாவது டி செல்களை, மட்டும் கணக்கில் எடுங்கள். பி செல்களின் மேல் சொந்த ஆன்டிபாடி (ஐஜி) ஒட்டியிருப்பதால் எல்லாமே பாசிட்டிவாகத் தெரியும்.

இனம் தாண்டினால்

ஹாம்ஸ்டர் இதயம் எலியில் சுமார் மூன்று நாள்தான் ஓடும். முதல் ஆயுதம் டி செல் அல்ல, ஐஜிஎம் ஆன்டிபாடி. சைக்ளோஸ்போரினை மட்டும் வைத்து ஓரிரு நாளைக் கூட்டுவதே கஷ்டம். லெஃப்ளூனோமைடோ சைக்ளோஃபாஸ்ஃபமைடோ சேர்ந்தால் வாரக்கணக்கில் நீளும். சைக்ளோஃபாஸ்ஃபமைடும் அதன் உடைபொருட்களும் சிறுநீரில் வரும். அந்தக் கூண்டின் படுக்கையைச் சாதாரணக் குப்பையில் கொட்டக் கூடாது, கர்ப்பிணி ஊழியர் அதைத் தொடக் கூடாது.

கினிப் பன்றி இதயம் எலியில் நிமிடக் கணக்கில் கறுத்துவிடும். எலியின் காம்ப்ளிமென்ட் (ரத்தத்தில் உள்ள தற்காப்புப் புரதத் தொகுதி), ஆன்டிபாடி இல்லாமலே மாற்றுப் பாதையில் தூண்டப்படுவதுதான் காரணம். எனவே பி செல்லை எவ்வளவு அடக்கினாலும் பயனில்லை, காம்ப்ளிமென்டையே வற்றவைக்க வேண்டும். அதற்கு நாக விஷக் காரணி என்ற புரதம் பயன்படுகிறது. அது ஃபேக்டர் பி என்ற காம்ப்ளிமென்ட் புரதத்தோடு சேர்ந்து, உடலால் அணைக்க முடியாத சி3 கன்வெர்டேஸ் (சி3 புரதத்தை வெட்டும் நொதி) ஆகி, சி3 முழுவதையும் தீர்த்துவிடும். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் நாகவிஷம் எடுக்கிறதே, அங்கே கேட்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கச்சா விஷத்தில் நரம்பு நச்சும் ஃபாஸ்ஃபோலிபேஸும் இருக்கின்றன, எலி செத்துப்போகும். சுத்திகரித்த புரதம் மட்டுமே பயன்படும். அதையும் அறுவைக்கு முந்தைய நாளே கொடுத்து, காம்ப்ளிமென்ட் உடைந்து வெளிவரும் சி5ஏ நுரையீரலை வாட்டுகிறதா என்று மூச்சைக் கவனியுங்கள்.

காம்ப்ளிமென்ட் வற்றிவிட்டதா என்பதை, அதன் மொத்த வலுவை அளக்கும் சிஎச்50 சோதனையால் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. காம்ப்ளிமென்ட் சூட்டில் தானாகவே கெடும். சீரத்தை மதியம் முழுக்க மேசையில் வைத்துவிட்டுச் சோதித்தால் மருந்தே போடாத எலியும் "வற்றியது" என்று வரும். ரத்தம் உறைந்ததும் ஐஸில் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். மருந்து போடாத ஒரு எலியின் சீரத்தையும் அதே பாதையில் அனுப்புங்கள்.

பன்றியிலிருந்து பபூன் குரங்குக்கு மாற்றும் வேலையைச் சென்னையில் நாளைக்கே யாரும் தொடங்கப் போவதில்லை, ஆனாலும் அங்கே கற்றவை உதவும். கால்சிநியூரின் தடுப்பி அங்கே போதவில்லை, நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றையொன்று தூண்டும் சிடி40 பாதையை அடைத்த பிறகே பெரிய முன்னேற்றம் வந்தது. 2016-இல் வெளியான ஆய்வில், ஆல்ஃபா-கேல் சர்க்கரையை நீக்கி, மனித சிடி46, த்ராம்போமாடுலின் மரபணுக்களைச் சேர்த்த பன்றியின் இதயம் பபூன் வயிற்றில் அதிகபட்சம் 945 நாள் ஓடியது. மார்பில் உயிர் தாங்கும் இதயமாக வைத்து 195 நாள் வரை கொண்டுபோனது 2018-இல் வெளியான மியூனிக் குழுவின் வேலை. அவர்கள் இதயத்தை ஐஸில் வைக்காமல் 8 டிகிரியில் ஆக்சிஜன் கரைசலை ஓடவிட்டுப் பாதுகாத்தார்கள், பன்றி இதயம் அளவுக்கு மீறி வளராமல் இருக்க ரத்த அழுத்தத்தைக் குறைத்து டெம்சிரோலிமஸும் கொடுத்தார்கள். மனிதருக்காக மூன்று சர்க்கரை ஆன்டிஜென்களையும் நீக்கிய பன்றியைப் பபூனில் சோதித்தால் நிலைமை மோசமாகலாம். அந்த மூன்றில் ஒன்றான நியூ5ஜிசி பபூனின் உடலில் இயல்பாகவே இருப்பதால் அதற்கு எதிரான ஆன்டிபாடி கிடையாது. ஆனால் அதை நீக்கும்போது வெளிப்படும் வேறொரு ஆன்டிஜெனை பபூனின் ஆன்டிபாடி பிடித்துக்கொள்கிறது.

நிராகரிப்பு போலவே தோன்றும் ஒரு கேடு பன்றியின் சைட்டோமெகலோவைரஸ். வைரஸ் இருந்த பன்றி இதயங்கள் பபூனில் சில வாரங்களைத் தாண்டவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் மரபணு மாற்றிய பன்றி இதயம் பெற்ற முதல் நோயாளியிடமும் இது காணப்பட்டது. மறைந்திருக்கும் வைரஸ் ரத்தப் பிசிஆரில் தப்பிவிடும், ஆன்டிபாடிச் சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். கொடையாளிக் குட்டிகளைத் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துத் தனி அறையில் வளர்த்தால் வைரஸ் ஒட்டாமல் தடுக்க முடியும்.